ரசத்தைக் கெடுத்த விதை

ஜெர்மனியில் யேனா என்ற ஊருக்கு வந்த முதல் மாதமே எனக்குக் காய்ச்சல். வாய் கசந்து கிடந்தது, ஒரு டம்ளர் ரசம் குடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. புளி ஊரிலிருந்து கொண்டு வந்தது இருந்தது, மிளகு இருந்தது, சீரகம்தான் இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் மசாலா அடுக்கின் முன்னால் நின்றேன். க்யூமெல் என்று எழுதிய குப்பிக்குள் இருந்தது சீரகமேதான் என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். அதே பழுப்பு, அதே கோடு, கொஞ்சம் கூடுதலாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மிளகோடு சேர்த்து நுணுக்கிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, ஆசையாக முதல் வாய் குடித்தேன். ஈரோட்டிலிருந்து வந்திருந்த அறைத்தோழியும் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ரசத்துல பல்லு வெளக்குனீங்களா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

சீரகத்துக்கு இங்கே க்ராய்ட்ஸ்க்யூமெல் என்று பெயர், வெறும் க்யூமெல் என்றால் அது காரவே என்ற வேறு செடியின் விதை என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. ஜெர்மனிக்குப் படிக்க வரும் நம் ஆட்களில் பாதிப் பேர் இந்தக் குழியில் விழுந்துதான் எழுந்திருக்கிறார்கள். பல் விளக்கிய வாசனைக்குக் காரணத்தை, நான் வேலை செய்யும் ஒளியியல் ஆய்வகத்தில் ஒரு வேதியியல்காரர் சொன்னார். க்யூமெலின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பற்பசையில் போடுகிறார்களே ஸ்பியர்மின்ட் என்ற புதினா, அதன் மணத்துக்கும் அதே கார்வோன்தான். நம் இடக்கையும் வலக்கையும் போல இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒன்றின் ஊடே முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, செலுத்தினால் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும், மற்றது இடப்பக்கம். அவர் ரொம்ப உற்சாகமாக விளக்கினார். எனக்குத்தான் ரசம் போன வருத்தம் தீரவில்லை. குப்பியைக் குப்பையில் போட்டேன்.

போட்டேனே தவிர அது என்னை விடவில்லை. இந்த ஊரில் கறுப்பாக இருக்கும் ரொட்டியில் க்யூமெல், புளித்த முட்டைக்கோஸில் க்யூமெல், வேகவைத்த உருளைக்கிழங்கில் க்யூமெல். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருமுனையில் புகை கிளப்பிக்கொண்டிருக்கும் தூரிங்கர் பிராட்வுர்ஸ்ட் என்ற பன்றிக்கறி சாசேஜிலும் க்யூமெல்.

## நான் சொன்ன குறை

யேனா இருக்கும் தூரிங்கியா மாநிலத்தில் இருந்துகொண்டு பிராட்வுர்ஸ்ட் சாப்பிடாமல் இருப்பது, தூத்துக்குடியில் இருந்துகொண்டு மீனே வேண்டாம் என்பது மாதிரி. பன்றிக்கறி எங்களுக்குப் புதிது இல்லை. தோவாளைப் பக்கம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறிக் குழம்பு இல்லாமல் இருக்காது, மிளகும் மல்லியும் வறுத்து அரைத்து எண்ணெய் மேலே மிதக்க மிதக்க. அந்த நாக்கோடு வந்தவளுக்கு, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்த இந்த சாசேஜ் சப்பென்று இருந்தது. உப்பு, மிளகு, பல்பொடி. அறுநூறு வருஷமாக இதையே சுடுகிறார்களாமே, ஒருத்தருக்காவது ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் போடத் தோன்றவில்லையா என்று நான் கேட்காத இடமில்லை. ஆய்வகத்தில் கேட்டேன், விருந்துகளில் கேட்டேன், கேட்ட இடத்தில் எல்லாம் நம் ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்தால் யாருக்குத்தான் நிறுத்த மனசு வரும்?

ஒரு நாள் கீழ்வீட்டுத் தாத்தாவிடமும் சொல்லிவிட்டேன். எழுபது தாண்டியவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது அங்கே லென்ஸ் தேய்த்தவர். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. படிக்கட்டில் குப்பை வாளியோடு நின்றபடி, "சரி, நீங்கள் அதை எப்படிச் சமைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் உறுத்தியது. வாரக்கணக்கில் உறுத்தியது. ஏனென்றால் என் சமையலை அப்படியே அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் காற்றில்லாமல் அடைத்த பொட்டலத்தைப் பிரித்து, வாணலியை நன்றாகப் புகைய விட்டு, எண்ணெய் ஊற்றி, முள்கரண்டியால் பொத்துப் பொத்தென்று நாலு குத்துக் குத்தி, உள்ளே போட்டு, மேலே மிளகாய்த்தூள் தூவி, ஒரு பக்கம் கரிந்ததும் மறுபக்கம் திருப்பி, கெட்ச்அப் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தோசைக்கல்லில் ஈரம் காயாமல் மாவு ஊற்றிவிட்டு, தோசை ஒட்டுகிறது, இந்த அரிசியே சரியில்லை என்று எவராவது சொன்னால் நாம் என்ன நினைப்போம்? அதைத்தான் நான் இரண்டு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

## முள்கரண்டியைக் கீழே வைக்கச் சொன்னவர்

அந்த ஜூன் மாதம் தாத்தாவே தோட்டத்துக்கு வரச் சொன்னார். வீட்டை ஒட்டிய தோட்டம் இல்லை. நகர ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துண்டு நிலங்களை வாடகைக்கு விடுவார்கள், அதில் ஒரு துண்டு. ஒரு மரக்குடில், நாலு பாத்தி, ஒரு செர்ரி மரம், துருப்பிடித்த இரும்பு அடுப்பு. அடுப்பின் கம்பித் தட்டைத்தான் இவர்கள் ரோஸ்ட் என்கிறார்கள். அதன் மேல் சுடுவதால் இந்த சாசேஜுக்கு ரோஸ்ட்பிராட்வுர்ஸ்ட் என்று பெயர், இந்தப் பக்கத்தில் செல்லமாக ரோஸ்டர்.

சாசேஜை அன்று காலையில்தான் கசாப்புக்கடையிலிருந்து வாங்கி வந்திருந்தார். நான் அதுவரை பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் வாங்குவது வெளிறிய சாம்பல் நிறத்தில் விறைப்பாக இருக்கும், ஏனென்றால் அது ஏற்கெனவே வெந்நீரில் அவித்து எடுத்தது. இது பச்சை. இளஞ்சிவப்பாக, தொட்டால் தொளதொளவென்று, குடல் தோலுக்குள்ளே கறித்துணுக்கும் கொழுப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. பச்சையாக விற்பதை வாங்கிய அன்றே சுட்டுவிட வேண்டும், நாளைக்கு என்று வைக்கிற பேச்சே கிடையாது. நான் கையில் முள்கரண்டியோடு பக்கத்தில் போனதும் தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார் என்றே சொல்லலாம். கரண்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒரு இடுக்கியைக் கையில் கொடுத்தார். "குத்தினால் சாறு வெளியே போகும். போன சாறு கரியில் விழுந்தால் தீ எழும்பும். தீ எழும்பினால் தோல் கருகும். உங்களுக்கு என்ன வேண்டும், சாம்பலா?"

குத்தாவிட்டால் வெடிக்காதா என்று கேட்டேன். வெடிப்பது குத்தாததால் இல்லை, அவசரத்தால் என்றார். எரிகிற தீயில் வைத்தால் தோல் சடாரென்று சுருங்கும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும், இரண்டுக்கும் நடுவில் மாட்டி சாசேஜ் பிளந்துகொள்ளும். அதனால் கரி முழுக்கச் சாம்பல் பூத்து வெளுக்கும் வரை அவர் எதையும் அடுப்பில் வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவருக்கு அது காத்திருப்பாகவே தெரியவில்லை, எனக்குத்தான் வயிற்றில் எலி ஓடியது. அப்புறம் ஒரு துண்டுப் பன்றிக்கொழுப்புத் தோலை இடுக்கியில் பிடித்துக் கம்பி முழுக்கத் தேய்த்தார், நாம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தோசைக்கல்லில் தேய்ப்போமே அதே மாதிரி. சாசேஜை அடுக்கினார். அடிக்கடி திருப்பிக்கொண்டே இருந்தார். கொழுப்பு சொட்டி எங்கேயாவது தீ நாக்கு நீட்டினால், குடித்துக்கொண்டிருந்த கறுப்பு பியரிலிருந்து, பக்கத்து பாட் கோஸ்ட்ரிட்ஸ் ஊர்ச் சரக்கு, கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு நாலு சொட்டுத் தெளிப்பார். பியரில் தனி ருசி வருமா என்று கேட்டதற்கு, "தண்ணீரும் தெளிக்கலாம், ஆனால் என் கையில் பியர்தானே இருக்கிறது" என்றார்.

இடையில் பேச்சோடு பேச்சாக, பிராட்வுர்ஸ்ட் என்ற பெயரிலேயே நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள் என்றார். ஜெர்மனில் ப்ராட்டன் என்றால் வறுப்பது, பொரிப்பது, வுர்ஸ்ட் என்றால் சாசேஜ். அதனால் பொரித்துச் சாப்பிடுகிற வுர்ஸ்ட் என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஜெர்மன்காரர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பெயர் வந்தது ப்ரேட் என்ற சொல்லிலிருந்து, அதாவது கொத்திய கறி. உள்ளே இருப்பதைச் சொல்கிற பெயரே தவிர அடுப்பில் செய்வதைச் சொல்கிற பெயர் இல்லை. பெயரைக் கேட்டுத்தான் நான் வாணலியைப் புகைய விட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது என் அவசர புத்தி. ஆனாலும் இதைக் கேட்டதிலிருந்து அடுப்பைக் குறைக்கக் கை தானாகப் போகிறது.

பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு இடம் விடாமல் கருப்பட்டி நிறம். விரலால் அழுத்திக் காட்டினார், தொளதொளப்பு போய்த் திடமாக எதிர்த்தது. ரொட்டியைக் குறுக்கே முக்கால்வாசி அரிந்து, சாசேஜை உள்ளே வைத்தார். ரொட்டி கைக்குள் அடங்கும் அளவுதான், சாசேஜ் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். மேலே கடுகுச்சாந்து, எர்ஃபுர்ட்டில் 1820 முதல் அரைக்கிற போர்ன் கம்பெனிச் சரக்கு. கெட்ச்அப் எங்கே என்று கேட்கவில்லை, அவ்வளவு புத்தி எனக்கும் இருந்தது.

கடித்தேன். தோல் பட்டென்று உடைந்தது. சாறு முகவாயில் வழிந்தது. முதலில் உப்பு, அப்புறம் புகை, அப்புறம் பூண்டு லேசாக, எல்லாம் அடங்கின பிறகு கடைசியில், ரொம்பத் தொலைவிலிருந்து, அது. ரசத்தைக் கெடுத்த அதே விதை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல் விளக்கிய வாசனை இல்லை. கொழுப்பின் கனத்தைக் கீழே இறங்கவிடாமல் ஒரு கை தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. புளித்தண்ணீரில் அது துருத்திக்கொண்டு நின்றது, இங்கே பன்றிக்கொழுப்பில் அதற்கு ஒரு வேலை இருந்தது. இதைத்தான் நான் சப்பென்று இருக்கிறது என்று சொல்லித் திரிந்தேன். இதன் மேல்தான் மிளகாய்த்தூள் தூவினேன்.

ஆனால் அன்று என்னை நிஜமாகவே உட்கார வைத்தது க்யூமெல் இல்லை. இன்னொரு வாசனை இருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். மயோரான் என்று சொல்லிவிட்டு, குடிலை ஒட்டிய பாத்தியிலிருந்து ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். சின்னச் சின்ன இலை, சாம்பல் பச்சை, தொட்டால் வெல்வெட். கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். என் பாட்டி.

வேறு எப்படிச் சொல்வது? மரு. கதம்பத்தில் பிச்சிக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவில் பச்சைக்காக வைத்துக் கட்டுவார்களே, அந்த மரு. மரிக்கொழுந்து வேறு, இது வேறு, இரண்டையும் ஒன்று என்று சொன்னால் பாட்டிக்குக் கெட்ட கோபம் வரும். தோவாளைச் சந்தையிலிருந்து விடியற்காலையில் பூ வந்து இறங்கும், திண்ணையில் ஈரச்சாக்கை விரித்து உட்கார்ந்து வாழைநாரில் கட்டிக்கொண்டே இருப்பார். அவர் விரலிலும் சேலையிலும், பள்ளிக்கு என் தலையில் வைத்துவிட்ட துண்டுப் பூவிலும், எட்டு மணிக்குள் வாடிப்போனாலும் மணம் போகாத அந்த மரு. அதை இங்கே கறியில் போட்டுத் தின்கிறார்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி ஒரு செர்ரி மரத்தடியில், வாயில் பன்றிக்கறியும் கையில் கதம்பமுமாக நான் உட்கார்ந்திருந்தேன். தாத்தா ஒன்றும் கேட்காமல் இன்னொரு சாசேஜை எடுத்து வைத்தார்.

## ஊருக்கு ஊர்

அதற்கப்புறம் ஒரு பைத்தியம் பிடித்தது. எங்கே போனாலும் அந்த ஊர் பிராட்வுர்ஸ்ட் எது என்று பார்ப்பது. இவர்கள் சண்டையும் ரசமானது. ஆர்ன்ஸ்டட்டில் ஒரு கன்னிமாடத்தின் 1404ஆம் வருஷத்துக் கணக்கில், பிராட்வுர்ஸ்ட்டுக்குக் குடல் வாங்க ஒரு க்ரோஷன் காசு என்று எழுதியிருக்கிறது. தூரிங்கியாக்காரர்கள் அதைத் தூக்கிக் காட்டுவார்கள். நூர்ன்பெர்க்காரர்கள் எங்களுக்கு 1313இலேயே சான்று இருக்கிறது என்பார்கள். திருநெல்வேலி அல்வா பெரிதா மஸ்கோத் அல்வா பெரிதா என்பது போன்ற வழக்கு இது, தீராது. இரண்டு ஊர் சாசேஜுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டது, அதனால் அந்தந்த இடத்தில் செய்ததற்குத்தான் அந்தப் பெயர்.

ரயிலில் தெற்கே போனால் நூர்ன்பெர்க். அங்கே சாசேஜ் விரல் நீளம்தான். ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர், இருபதிலிருந்து இருபத்தைந்து கிராம் என்று விதியே இருக்கிறது. தூரிங்கருக்கோ குறைந்தது பதினைந்து சென்டிமீட்டர், நூறு கிராமுக்குக் குறையாது. இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள், இரவில் கடை அடைத்த பிறகு சாவித்துவாரம் வழியாக விற்றார்களாம். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆட்டுக்குடல் தோல், பீச் என்ற காட்டு மரத்தின் கனல், தகரத் தட்டில் ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்ணி வைப்பார்கள், பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ், குதிரைமுள்ளங்கித் துருவல். நடந்துகொண்டே சாப்பிட ரொட்டிக்குள் மூன்று. மரு மணம் இங்கேதான் தூக்கலாக அடிக்கும், க்யூமெல் கிடையாது. கூட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை, பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஹோட்டல் நடத்துகிறவர்களின் அவசரம் அங்கே இருந்த சிலரிடம் தெரிந்தது. ஆனால் இதே சின்ன சாசேஜை, வறுக்காமல் சுடாமல், காடியும் வெங்காயமும் பிரிஞ்சி இலையும் போட்ட தண்ணீரில் மெதுவாக வேகவைத்து அந்தச் சாற்றோடு கொடுப்பார்கள். தோல் லேசாக நீலம் பாரித்துவிடும், நீல நுனி என்றே பெயர். புளிப்புக்கு ஏங்குகிற நாக்குக்கு அது போதும். ரசத்துக்கு இந்த நாட்டில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டென்றால் அதுதான்.

இரண்டுக்கும் நடுவில் கோபுர்க். இந்த ஊர் 1919இல் வாக்கெடுப்பு நடத்தி, தூரிங்கியாவோடு சேர மாட்டோம் என்று சொல்லி, மறு வருஷம் பவேரியாவோடு போய்ச் சேர்ந்தது. சாசேஜ் விஷயத்தில் இரண்டு பேரோடும் சேரவில்லை. பைன் மரத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த கூம்புகளை எரித்து அதன் மேல் சுடுவார்கள். ஒரு ஜாண் தாண்டிய நீளம், மாட்டுக்கறியும் கொஞ்சம் சேரும், பச்சை முட்டை ஊற்றிப் பிசைவார்கள். நகரமன்றக் கூரையில் புனித மவுரிசியஸ் சிலை கையில் ஒரு கோல் வைத்திருக்கிறது, சாசேஜ் நீளத்துக்கு அதுதான் அளவுகோல் என்று ஊர்ப்பேச்சு. சாமி கையில் அளவுகோல் கொடுத்த ஊர். பிசின் புகை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், தலைக்குக் குளித்த பிறகும் இரண்டு நாள் கூந்தலில் இருந்தது. ஆனாலும் அந்தப் புகையில்லாமல் அதைச் சுட்டால் அது வெறும் நீள சாசேஜ்.

## வாணலியில்

தோட்டம் எல்லோருக்கும் கிடைக்காது. எங்கள் கட்டடத்தில் பால்கனியில் கரி மூட்டக் கூடாது, மூட்டினால் மேல்வீட்டிலிருந்து கடிதம் வரும். வாணலியில் எனக்குச் சரியாக வருகிற முறையைச் சொல்கிறேன். முதலில், எந்த வகை வாங்கினோம் என்று தெரிய வேண்டும். அவித்ததா, பச்சையா? அவித்ததைச் சூடாக்கி நிறம் வரவைத்தால் போதும். பச்சையை உள்ளே வரை வேகவைத்தாக வேண்டும், பன்றிக்கறி, அதில் விளையாட்டு வேண்டாம். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் எழுபது டிகிரி தாண்டியிருக்க வேண்டும். முனையிலிருந்து நீளவாக்கில் கடைசியில் ஒரே ஒரு தடவை செருகிப் பாருங்கள், அந்த ஒரு குத்துக்குத் தாத்தாவிடம் மன்னிப்பு உண்டு.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வையுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒரு தட்டில் கொஞ்சம் பால் ஊற்றி அதில் புரட்டி எடுங்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறத்தை ஒரே சீராகக் கொண்டுவரும், பல வீட்டில் இது பழைய பழக்கம். இங்கே புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று டப்பாவில் விற்பது வேறொன்றும் இல்லை, நம் நெய்தான், வாசனை கொஞ்சம் மட்டு. அதில் ஒரு ஸ்பூன் போட்டு, அடுப்பை நடுத்தரத்துக்கும் கீழே வைத்து, புகை வருமுன்னே சாசேஜை வையுங்கள். பச்சை சாசேஜாக இருந்தால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, அது வற்றும் வரை மிதமாக வேகட்டும், அப்புறம் நெய். உடனே சத்தம் வரக் கூடாது. அப்பளம் பொரிகிற சத்தம் வந்தால் தீ அதிகம், தாளித்து முடிந்து அடங்குகிற நேரத்துச் சத்தம் இருக்கும் பாருங்கள், அது சரி. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் வட்டம் உருட்டிவிடுங்கள். பன்னிரண்டு நிமிஷமாவது ஆகும், பச்சை என்றால் பதினைந்துக்கு மேலேயே ஆகும். அந்த நேரத்தில் போனைப் பார்க்கப் போனால் ஒரு பக்கம் கருகும், எனக்கு எத்தனையோ தடவை கருகியிருக்கிறது.

போன குளிர்காலத்தில் தாத்தா சாசேஜ் பிசையவும் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் கிராமத்தில் குளிர் இறங்கியதும் வீட்டிலேயே பன்றி அடிப்பார்களாம், அந்தக் கை அவருடையது. பன்றித் தோள்கறியும் வயிற்றுக்கறியும் சேர்த்து ஒரு கிலோ, ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்க வேண்டும், கையால் சுற்றும் கொத்துமெஷினில் கரடுமுரடாக ஒரு ஓட்டு. கிலோவுக்குப் பதினெட்டு கிராம் உப்பு, மூன்று கிராம் மிளகு, ஒரு பல் பூண்டு, மரு இரண்டு கிராம் காய்ந்தது, க்யூமெல் ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராமை அவர் தராசில் நிறுத்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ரசத்தில் நான் ஒரு டீஸ்பூன் குவித்துப் போட்டிருந்தேனே. பிசைய ஆரம்பித்தால் முதலில் உதிரி உதிரியாக இருக்கும், உப்பு கறியின் புரதத்தை இழுத்து வெளியே கொண்டுவர வர ஒட்ட ஆரம்பிக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் கறி விழாமல் ஒட்டி நின்றால் போதும். கை சூடு ஏறினால் கொழுப்பு உருகிப் பிரிந்துவிடும், அதனால் நடுநடுவே அவர் என்னைப் பனியில் கை வைத்துவிட்டு வரச் சொன்னார். ஜனவரி மாதம், வாசல் முழுக்கப் பனி, பஞ்சமில்லை.

## தோவாளையில்

இந்த வருஷம் ஊருக்குப் போனபோது பெட்டியில் ஐம்பது கிராம் க்யூமெல் கொண்டுபோனேன். ஆட்டுக்குடலுக்கு அலையவில்லை, தோல் இல்லாமல் கையால் உருட்டி விரல் நீளத்துக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று திட்டம். கறி மார்த்தாண்டத்திலிருந்து வந்தது. மருவுக்குத்தான் பாட்டியிடம் போனேன். சந்தையில் வாங்குவது வேண்டாம், பூவுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் அதிலும் இருக்கும், வீட்டுத் தொட்டியில் இரண்டு செடி நின்றது. ஒரு பிடி கிள்ளி அம்மியில் வைத்ததைப் பார்த்துவிட்டுப் பாட்டி கையில் இருந்த நாரைக் கீழே போட்டார். "தலையில வைக்கதையா கறியில போடுக? கோட்டிக்காரி!"

அம்மா சிரித்துக்கொண்டே நல்லெண்ணெய் ஊற்றப் போனாள், தடுத்து நெய் விடச் சொன்னேன். அடுப்பைக் குறைக்கச் சொன்னேன். கரண்டியால் அழுத்தாதே என்றேன். "நீ சமைக்கியா, பூஜை பண்ணுகியா?" என்று கேட்டாள். உருட்டிய துண்டுகள் மெதுவாக நிறம் மாறின, முற்றத்தில் கதம்பம் வாடுகிற மணமும் கறி மணமும் கலந்து வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். முதல் துண்டைப் பாட்டிக்குத்தான் கொடுத்தேன். ஊதி ஊதிச் சாப்பிட்டார். மருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொள்ளாம் மக்ளே. ஆனா இந்தச் சீரகம் பழசாயிட்டு, வேற வாங்கணும்."